2147483647: இந்த எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரோகிராம் எழுதுபவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் 2147483647 என்ற எண்ணில் முட்டிக்கொள்வார்கள். எண் கோட்பாட்டில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது வேறு வழியில், 18-ஆம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர் மூலமாக, அறிமுகமாகியிருக்கும். இரு தரப்பும் கேட்கும் கேள்விகள் வேறு வேறு என்றாலும் ஒன்றுக்கான பதில் மற்றொன்றுக்கும் உதவுகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பள்ளிக் கணக்கு கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? எங்கிருந்து வருகிறது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 214,74,83,647.

பத்து இலக்கங்களும் தாறுமாறாகத் தெரிந்தாலும் பிறப்பு எளிமையானது. 2-ஐ 31 முறை பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது: 2³¹ − 1. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறொன்றும் இல்லை.

இது பகா எண்ணா?

ஆம். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. 2-லிருந்து எண்ணத் தொடங்கினால் இது 10,50,97,565-ஆவது பகா எண். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659.

பகா எண்களிலும் இது தனி வகை. 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்கிறோம். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 என்று போகும் அந்த வரிசையில் இது எட்டாவது. இன்னொரு நுட்பமும் உண்டு. அடுக்கில் இருக்கும் 31-உம் ஒரு மெர்சென் பகா எண்தான் (2⁵ − 1 = 31). அப்படிப்பட்டவற்றுக்கு இரட்டை மெர்சென் பகா எண் என்று பெயர். இதுவரை தெரிந்த இரட்டை மெர்சென் பகா எண்கள் மொத்தமே நான்கு: 7, 127, நம் எண், அப்புறம் 2¹²⁷ − 1.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதுமா? 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் பகா எண் வந்துவிடுமா?

வராது. இது பலரும் தடுக்கி விழும் இடம். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை நிச்சயம் பகு எண். உதாரணமாக அடுக்கு 15 என்றால், 15 = 3 × 5 என்பதால் 2¹⁵ − 1 என்பது 2³ − 1 ஆலும் (7) 2⁵ − 1 ஆலும் (31) வகுபடும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது வாய்ப்பை மட்டுமே தருகிறது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 11 பகா எண்தான், இருந்தும் 2047 உடைகிறது. 23, 29 ஆகிய அடுக்குகளும் இப்படித்தான்: 2²⁹ − 1-ஐ 233 × 1103 × 2089 என்று பிரிக்கலாம்.

இது பகா எண் என்று முதலில் நிரூபித்தவர் யார்?

லியோனார்டு ஆய்லர், 1772-இல். டேனியல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தெரிவித்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

அதற்கு முன்பே இதைப் பகா எண் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இத்தாலியரான கத்தால்டி 17, 19 அடுக்குகளுக்குச் சரியாக நிரூபித்தார். அத்தோடு நிற்காமல் 23, 29, 31, 37 அடுக்குகளும் பகா எண்களையே தரும் என்றார். அதில் 31 மட்டும் தேறியது. 23, 37 தவறு என்று 1640-இல் ஃபெர்மா காட்டினார், 29 தவறு என்று 1738-இல் ஆய்லர் காட்டினார். பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சென் 1644-இல் 257 வரையிலான அடுக்குகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதிலும் 31 உண்டு. 67-உம் 257-உம் அதில் தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 விடுபட்டன. ஆக, 1772 வரை நம் எண் பகா எண் என்பது சரியாக அமைந்த ஓர் ஊகம்தான். அதை நிரூபணமாக மாற்றியதற்கான பெருமை ஆய்லருக்கே சேரும்.

அதன்பின் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது.

கால்குலேட்டர் இல்லாமல் இவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சோதித்தார்?

இந்த முழுப் பக்கத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதற்குள் ஏறக்குறைய 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது பல மாத வேலை.

ஆய்லர் அப்படிச் செய்யவில்லை. "காரணி என்று ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க முடியும்?" என்று முதலில் கேட்டார். 'ப' என்ற பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐப் ப-ஆல் வகுக்க மீதி 1. மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 31-இன் காரணியாக இருக்க வேண்டும்; 31 பகா எண் என்பதால் அந்த அடுக்கு 31-ஏதான். ஃபெர்மாவின் தேற்றப்படி 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கும் மீதி 1 தரும். ஆகவே ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கும் கூட.

இது முதல் சல்லடை. இரண்டாவது இதைவிட அழகு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது ஒரு வர்க்க எண்ணைப் ப-ஆல் வகுக்கும்போது மீதி 2 வருகிறது. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களில் மட்டுமே இது நடக்கும்.

இரண்டையும் சேர்த்தால், காரணியை 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வர வேண்டும். 46,340-க்குள் அப்படி சுமார் 370 எண்கள்தான் உண்டு, அவற்றிலும் பகா எண்கள் எண்பது சொச்சம். முதலில் வருவது 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. அதற்கடுத்து 1489, மீதி 199. இப்படியே கடைசி வரை போனால் ஒன்றுகூட மீதியின்றி வகுக்காது. நிரூபணம் முடிந்தது. 4,800 வகுத்தல்கள் எண்பது சொச்சமாகச் சுருங்கியது சும்மா நடந்ததில்லை, மேலே உள்ள இரண்டு பத்திகளும் செய்த வேலை அது. சல்லடை உண்மைதானா என்று சந்தேகம் இருந்தால் 2047-இல் சோதியுங்கள்: அங்கே காரணிகள் 22-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 23 = 22 + 1, 89 = 88 + 1.

நிறைவெண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் கிடைப்பது நிறைவெண். 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படி வந்தவைதான் என்று ஆய்லர் நிறுவினார். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 2305843008139952128 எட்டாவது நிறைவெண்.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார்; பயன் ஏதுமில்லாத வெறும் ஆர்வத்துக்காக அவ்வளவு உழைப்பை யார் போடுவார்கள் என்பது அவர் வாதம். 1876-இல் எதுவார் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார், 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் 2⁶¹ − 1-ஐக் காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 52-ஆவது மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். கணக்கில் ஆர்வத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

கம்ப்யூட்டர் ஏன் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறது? பகா எண் என்பதாலா?

இல்லை. எல்லையாக அமைந்ததற்கும் பகா எண்ணாக இருப்பதற்கும் காரணத் தொடர்பு கிடையாது. சி, ஜாவா போன்ற மொழிகளில் முழு எண்களுக்கான 'இன்ட்' என்ற வகைக்குப் பெரும்பாலும் 32 பிட் இடம் ஒதுக்கப்படுகிறது (ஒரு பிட் என்பது 0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம்). அதில் ஒரு பிட் எண் மிகையா குறையா என்று சொல்லப் போய்விடும். மிச்சம் 31 பிட். அத்தனையிலும் ஒன்று நிரப்பினால் கிடைக்கும் உச்சம் 2³¹ − 1. குறை எண்கள் பக்கம் −2147483648 வரை போகலாம். அந்தப் பக்கம் ஒன்று அதிகமாக இருப்பதற்குக் காரணம், பூஜ்யம் மிகை எண்களின் பக்கத்தில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வது.

அப்படியானால் 16 பிட், 64 பிட் எல்லைகளும் பகா எண்களா?

நல்ல கேள்வி. 8 பிட்டின் உச்சம் 127, பகா எண். 16 பிட்டின் உச்சம் 32767 = 7 × 31 × 151, பகு எண். 32 பிட்டில் நம் பகா எண். 64 பிட்டின் உச்சமான 9223372036854775807 பகு எண். அது 7-ஆல் இரண்டு முறை வகுபடும். 128 பிட்டுக்கு 2¹²⁷ − 1, மறுபடி பகா எண்.

ஒன்று விட்டு ஒன்று வருவதைக் கவனித்தீர்களா? பாதிக்கு உறுதியான காரணம் உண்டு. 16, 64 பிட்களில் அடுக்குகள் 15, 63. இவை 2⁴ − 1, 2⁶ − 1 என்பதால் 3-ஆல் வகுபடும். அடுக்கு 3-ஆல் வகுபட்டால் எண் 7-ஆல் வகுபட்டே தீரும். ஆக அந்த இரண்டுக்கும் பகா எண்ணாகும் வாய்ப்பே இல்லை. மறுபாதியில் 7, 31, 127 ஆகிய அடுக்குகள் தாமே மெர்சென் பகா எண்கள். அங்கே வாய்ப்பு இருந்தது, மூன்று முறையும் அது பலித்தது. இதை விதி என்று நம்பிவிட வேண்டாம். 512 பிட்டுக்குப் போனால் அடுக்கு 511 = 7 × 73, அதோடு இந்த ஒழுங்கு உடைகிறது.

எல்லையில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்?

ஜாவாவில் −2147483648 வரும். சி மொழியில் என்ன நடக்கும் என்று மொழி வரையறையே உறுதி தருவதில்லை, நடைமுறையில் பல நேரம் அதே விடைதான்.

குறை எண் வந்தால் பரவாயில்லை, பார்த்ததும் தப்பு என்று தெரிந்துவிடும். அப்படித் தெரியாத இடங்கள்தான் ஆபத்து. கல்லூரி லேபில் எழுதும் ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கிய விடை) புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 12-இன் ஃபேக்டோரியல் 479001600, இன்ட்டுக்குள் அடங்கும். 13-இன் உண்மையான விடை 6227020800, அடங்காது. 32 பிட்டில் சுருண்டு திரையில் 1932053504 வரும். மிகை எண், பெரிய எண், பார்வைக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் உண்மை விடை 00-இல் முடிகிறது. 5-உம் 10-உம் பெருக்கலில் இருப்பதால் பூஜ்யத்தில் முடிந்தே ஆக வேண்டும். அந்த ஒரு சோதனை போதும் பிழையைப் பிடிக்க. இதேபோல 46340-இன் வர்க்கம் அடங்கும், 46341-இன் வர்க்கம் அடங்காது. ஃபிபனாச்சி வரிசையில் 46-ஆவது எண் அடங்கும், 47-ஆவது அடங்காது.

டேட்டாபேஸில் எல்லா மொபைல் எண்களும் 2147483647 என்று பதிவாகியிருக்கின்றன. ஏன்?

இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள். அதாவது எல்லாமே 600 கோடிக்கு மேல். இன்ட் வகை நெடுவரிசையில் அவற்றில் ஒன்றுகூட அடங்காது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய பதிப்புகளில், கண்டிப்பான முறை இயக்கப்படாதபோது, பெரிய எண்ணைக் கொடுத்தால் தன்னால் முடிந்த உச்சத்தைப் பதிந்துவிட்டு எச்சரிக்கையோடு நகர்ந்துவிடும். அந்த உச்சம்தான் நீங்கள் பார்ப்பது. ஏற்கெனவே பதிந்த எண்களை அதிலிருந்து மீட்க வழியில்லை, மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். தொலைபேசி எண்ணை எப்போதும் எழுத்துச்சரமாகவே வையுங்கள். அதைக் கூட்டவும் பெருக்கவும் போவதில்லை. முன்னால் பூஜ்யமோ +91-ஓ வந்தாலும் சிக்கல் இருக்காது.

2038-இல் என்ன நடக்கும்?

யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. அதை 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிகளில் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய, இலங்கை நேரப்படி காலை 8:44:07-க்கு எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். அடுத்த நொடி அந்தக் கருவிக்குத் தேதி 1901 டிசம்பர் ஆகிவிடும்.

இப்போதைய கணினிகளும் போன்களும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. 32 பிட் கருவிகளுக்கும் வழிசெய்யும் மாற்றங்கள் 2020-இல் வந்த லினக்ஸ் 5.6-இல் சேர்ந்தன. கவலை எல்லாம், நிறுவிவிட்டு மறந்துபோகும் தொழிற்சாலைக் கருவிகள், பழைய கோப்பு வடிவங்கள், டேட்டாபேஸ் நெடுவரிசைகள் பற்றியே. 2038-க்குக் காத்திருக்கவும் வேண்டாம்: முப்பது ஆண்டுக் கடனின் முடிவுத் தேதியைக் கணக்கிடும் மென்பொருள் இந்தச் சுவரில் எப்போதோ மோதத் தொடங்கிவிட்டது.

நிஜத்தில் இந்த எல்லை எங்காவது தொடப்பட்டிருக்கிறதா?

பலரும் அறிந்தது 2014 டிசம்பர் செய்தி. 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை 214 கோடியைத் தாண்டியபோது யூடியூப் தன் கணக்கியை 64 பிட்டுக்கு மாற்றியதை அறிவித்தது.

அதைவிட முக்கியமானது 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787-க்குப் பிறப்பித்த உத்தரவு. 248 நாட்கள் தொடர்ந்து மின்சாரம் ஓடினால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள ஒரு மென்பொருள் கணக்கி நிரம்பி வழியும், விமானம் மின்சாரத்தை இழக்கலாம் என்றது அது. நொடியின் நூறில் ஒரு பங்காக 2³¹ வரை எண்ணினால் எத்தனை நாள் என்று கணக்கிடுங்கள்: 248.55.

பகா எண்ணாக இருப்பதால் நடைமுறையில் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் ஒரு பிரபலமான முறை: கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எடுத்துக்கொள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். பார்க், மில்லர் என்ற இருவரும் 1988-இல் இதைக் குறைந்தபட்சத் தரம் என்று முன்வைத்தார்கள், சி++ மொழியின் நூலகத்திலும் இது உண்டு.

வகுக்கும் எண் பகா எண் என்பதாலும், 16807 பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதாலும், 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒருமுறை வந்த பிறகே வரிசை திரும்பும். மெர்சென் வடிவம் தருவது இன்னொரு வசதி. 9-ஆல் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டுகிறோம் அல்லவா, அதே தத்துவப்படி இங்கே 31 பிட் துண்டுகளைக் கூட்டினாலே மீதி கிடைத்துவிடும், வகுத்தலே தேவையில்லை. ஆனால் கடவுச்சொல், மறையாக்கம் போன்ற வேலைகளுக்கு இந்த முறையைத் தொடவே கூடாது. ஒரு எண் தெரிந்தால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 46 என்கிறார்கள். இதுபோல வேறு பண்புகள்?

46 சரிதான், ஆனால் அதற்கு மதிப்பில்லை. நாம் பத்தின் அடிப்படையில் எழுதுவதால் வந்த தற்செயல் அது. எண்ணுக்கே உரிய பண்புகளில் மனம் வையுங்கள் என்பேன். 8-ஆல் வகுக்க மீதி 7 வருவதால் இதை இரண்டு அல்லது மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது, நான்கு வேண்டும். இரட்டைப் பகா எண்ணும் (இரண்டு மட்டும் வித்தியாசத்தில் இன்னொரு பகா எண்ணைக் கொண்டது) அல்ல: இரண்டு குறைத்தால் 5-இல் முடிகிறது, இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடுகிறது. அந்த 2147483649-ஐ 3-ஆல் வகுத்தால் கிடைக்கும் 715827883 ஒரு பகா எண் என்பது மட்டும் தனி ஆச்சரியம்.

ஐந்தாவது இரட்டை மெர்சென் பகா எண் கிடைக்குமா?

அடுக்காக 8191, 131071, 524287, நம் 2147483647 ஆகியவற்றை வைத்தால் வருபவை எல்லாம் பகு எண்கள் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது. அடுத்த வேட்பாளரின் அடுக்கு 2⁶¹ − 1. அதற்கு ஏறக்குறைய 6,941 கோடி கோடி இலக்கங்கள் இருக்கும், எழுதிப் பார்க்கவே முடியாது. சிறிய காரணி ஏதாவது அகப்படுகிறதா என்ற தேடல் மட்டுமே இப்போது சாத்தியம்.

இது பகா எண் என்பதை நானே சரிபார்க்கலாமா?

தாராளமாக. லூக்கா கண்டறிந்து லேமர் செம்மைப்படுத்திய சோதனை மிகச் சின்னது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை எடுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இதைச் செய்த பின் பூஜ்யம் வந்தால் பகா எண். முதலில் காகிதத்தில் 31-ஐச் (2⁵ − 1) சோதியுங்கள், மூன்று படிகள்: 4-இலிருந்து 14, 14-இலிருந்து 194, அதன் மீதி 8, 8-இலிருந்து 62, அதன் மீதி 0.

நம் எண்ணுக்கு 29 படிகள். புரோகிராமில் பத்து வரிக்குள் முடியும், ஆனால் வர்க்கமாக்கும்போது எண் 62 பிட் வரை வளரும். அதனால் மாறியை இன்ட் வகையில் அறிவிக்காமல் 64 பிட் வகையில் அறிவியுங்கள்.